வெர்னியர் படகில் ஏறிய ஞாயிற்றுக்கிழமை

சூரியன் கிழக்கில் உதிக்கிறது என்பதைக்கூட விசாரிக்காமல் ஒப்புக்கொள்ளாத ஒரே ஒரு மனிதரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் எங்கள் பட்டறையில் வேலை பார்த்தார். அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டில் வெர்னியர் என்றால் எல்லாருக்கும் தெரியும். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

வெர்னியர் என்பது அளவு பார்க்கும் கருவி. இரண்டு தாடை இருக்கும். பொருளை நடுவில் வைத்து நெருக்கினால் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடும். அவர் செக்கிங் இன்ஸ்பெக்டர். நான் லேத்தில் பித்தளை புஷ், அதாவது அச்சு சுற்றும் வளையம், கடைவேன். அவர் அளப்பார். சரியாக இருந்தால் வலது பக்கத் தட்டு. இல்லாவிட்டால் இடது பக்கத் தட்டு. "ரிஜெக்ட்" என்பார். ஒரு நாளில் அவர் அதிகம் பேசிய வார்த்தை அதுதான்.

கடைந்த சூட்டோடு ஒரு புஷ்ஷை மேஜையில் வைத்தால் தொடமாட்டார்.

"ஆற வெச்சு எட்தா. சூட்டோட அளந்தா ஜாப்பு பொய் சொல்லும்."

ஜாப்பு என்றால் கடைந்த சாமான். பித்தளைமேலேயே சந்தேகம். மனுஷன் எம்மாத்திரம்.

கருவி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். டீக்கடையில் வடை வாங்கினால் முதலில் ஓட்டையை அளப்பார். அப்புறம்தான் கடிப்பார். ஒன்பது நாள் அளந்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தார். பத்தாம் நாள் அதைக் கடைக்காரரிடம் காட்டினார்.

"தெனம் ஓட்ட பெருசாகினே போவுது. இன்னா விசயம்?"

"அண்ணாத்தே, அது வெரலால போடுற ஓட்ட."

"அப்ப உன் வெரலு பெருசாகினே போவுதா? காட்டு."

கடைக்காரர் மாவு ஒட்டிய விரலை நீட்டினார். இவர் அளந்தார். "நாளைக்கும் பாப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் ஏறும் முன்னால் மூன்று பேரைக் கேட்பார். ஏறியபின் கண்டக்டரைக் கேட்பார். "போர்டு கீதே அண்ணாத்தே" என்றால், "போர்ட எவன் வேணா மாட்டலாம்" என்பார்.

மேனாம்பேட்டில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்து, எஸ்டேட் வரை நடந்து வந்து, திரும்பிப் போய் மறுபடி இழுத்துப் பார்ப்பார். ஒரு தடவை உள்ளே போயிருக்கிறேன். ஒரு ஸ்டவ், ஒரு பாய், ஆணியில் இன்னொரு பூட்டு. அவ்வளவுதான்.

முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஏழு பெண் பார்த்திருந்தார். ஒரு வீட்டில் காபி ரொம்ப நன்றாக இருந்ததாம். ஓட்டலில் வாங்கியிருப்பார்கள் என்று வந்துவிட்டார். இன்னொரு வீட்டில் பெண்ணின் அப்பா தேவைக்கு அதிகமாகச் சிரித்தாராம். எட்டாவது பெண் என்றதும் தரகரே ஓடிவிட்டார்.

என் மனைவிக்குப் பொன்னேரிப் பக்கம். அவள் பெரியம்மா மகள் சரசு. பழவேற்காடு ஏரிக்குள் ஒரு தீவில் வீடு. அங்கே பெண்கள் பனையோலையில் மூடி போட்ட பெட்டி, கூடை எல்லாம் முடைவார்கள். சரசுவின் கை வேகமான கை. வயது முப்பத்திரண்டு ஆகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர் படகைப் பார்த்ததும் கரையோடு திரும்பினார்கள். ஒருவன் மட்டும் தீவுக்குப் போனான். அவள் முகத்துக்கு நேராகவே "வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தான். அன்றோடு சரசு, இனி என்னைப் பார்க்க எவனும் வரக்கூடாது என்று முடித்துவிட்டாள்.

என் மனைவி கணக்குப் போட்டாள். அவருக்கும் சொல்லக் கூடாது. அவளுக்கும் சொல்லக் கூடாது. புஷ் வைத்து அனுப்ப ஓலைப் பெட்டி தேவைப்படுகிறது, செக்கிங் இன்ஸ்பெக்டர் பார்க்க வருகிறார். இதுதான் பேச்சு. முதலாளியிடம் சொன்னேன். "அந்தாளுக்கு ஒரு கல்யாணம் ஆவட்டும், எனக்கும் கொஞ்சம் நிம்மதி" என்று சம்மதித்தார்.

கிளம்பும் முன் மனைவி என்னை நிறுத்தினாள்.

"தோ பாருய்யா. சரசு தாங்க மாட்டா. அந்தாளு வாயால இன்னொருவாட்டி அவ 'வேணாம்'னு கேட்டா, அப்புறம் நீ இன்னா சொன்னாலும் நான் உங்கூட பேச மாட்டேன்."

அவள் சொன்னால் செய்வாள்.

வருஷம் எண்பத்தாறோ எண்பத்தேழோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான், என் மனைவி, வெர்னியர் மூன்று பேரும் செங்குன்றம் வழியாகப் போனோம். பஸ் நகர்ந்ததும் ஆரம்பித்தார்.

"நெசத்த சொல்லு நைனா. போன வாரம் நான் தள்ளின சரக்க பாஸ் பண்ண வெக்கத்தானே இட்டுகினு போற?"

"இல்ல அண்ணாத்தே."

பொன்னேரியில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. "முதலாளி என்ன வேலய வுட்டு எடுக்கப் போறாரு. அதான் இந்த கவனிப்பு."

பழவேற்காட்டில் இறங்கியபோது என் மனைவியின் புடவையைப் பார்த்தார்.

"பொட்டி பாக்கறதுக்கு எதுக்கும்மா பட்டுப் பொடவ?"

அவள் அசையவில்லை. "எங்க பெரிம்மா ஊடு அங்கதான் கீது."

அவர் முகம் தெளிந்தது. "அதான பாத்தேன். பட்டற வேலய சாக்கு வெச்சு பொறந்த ஊட்டு சனத்த பாக்கப் போறீங்க." கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்.

படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு பலகையையும் தட்டினார். படகுக்காரர் வயசாளி. கழியை ஊன்றி நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி வருசமா ஓட்டுற?"

"நாப்பது."

"முழுவியிருக்கியா?"

"முழுவணும்னா தண்ணி வேணும் தம்பி. இது முழங்காலு ஏரி."

"இவ்ளோ பெரிய ஏரி முழங்காலா? யாருகிட்ட?"

பாதி வழியில் படகு தரை தட்டியது. எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றார் படகுக்காரர். வெர்னியர் இறங்கவில்லை. பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்துத் தண்ணீரில் விட்டார்.

"ஒரு அடி ஆறு அங்குலம்."

"அதான் சொன்னேனே."

"இங்க ஒண்ணரை அடி. அங்க?"

"அங்கியும் அதான்."

"நீ அளந்தியா?"

படகுக்காரர் குதித்து அங்கே போய் நின்று காட்டினார். முழங்கால்வரைதான் நனைந்தது. "நீ மேடு பாத்து நிக்கிற" என்றார் வெர்னியர்.

அப்புறம் நான், என் மனைவி, படகுக்காரர் மூன்று பேரும் தள்ளினோம். அவர் படகின் நடுவில் டேப்பைப் பிடித்துக்கொண்டு உற்சவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். என் மனைவி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினாள். "பொண்ணு ஊட்டுக்காரங்களே மாப்பிள்ளைய தள்ளிகினு போறது இங்கதான்யா" என்று என் காதில் சொன்னாள்.

தீவில் ஒரு ஓலைக் கொட்டகை. பத்துப் பெண்கள் முடைந்துகொண்டிருந்தார்கள். ஊதா, பச்சை, மஞ்சள் சாயம் ஏற்றிய ஓலை. பக்கத்தில் தண்ணீர் வாளி. ஓலையை நனைத்து நனைத்து எடுத்து மடக்குவார்கள். கோடியில் சரசு. அவள் விரல் போகும் வேகத்தில் ஓலை கண்ணுக்கே தெரியவில்லை.

வெர்னியர் அவள் எதிரில் உட்கார்ந்தார். அவளைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். கருவியை எடுத்தார்.

"எழுவத்தொம்போது மில்லி. எண்பது இருக்கணும். ரிஜெக்ட்."

இடது பக்கம் வைத்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"எண்பத்தொண்ணு. ரிஜெக்ட். எண்பதே முக்கா. ரிஜெக்ட்."

ஆறு பெட்டி இடது பக்கம் போய்விட்டது. அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் குரலில் தெரியும். சரசுவின் கை நின்றது. முகம் இறுகியது. இன்றோடு என் வீட்டில் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

"இன்னா சார், எல்லாத்தியும் அந்தாண்ட தூக்கி வெக்கிற?"

"ஒண்ணுகூட ஒரே அளவு இல்ல."

"இது எப்ப முடிஞ்சது, தெரியுமா?"

"அது எனக்குத் தேவையில்ல."

"தேவ சார். இத்த இப்பதான் முடிச்சேன். ஓலைல தண்ணி நிக்குது பாரு. அத்த நேத்து முடிச்சேன், பாதிதான் காஞ்சுது. ஓலைக்கு ஈரத்துல ஒரு அளவு, காஞ்சா ஒரு அளவு. ரெண்டு நாளு வெயில்ல போட்டு அப்புறம் அளக்கணும். ஈரத்தோட அளந்தா பொட்டி இன்னா பண்ணும்?"

வெர்னியர் கையிலிருந்த பெட்டியையே பார்த்தார்.

"பொய் சொல்லும்" என்றார், மெதுவாக.

இடது பக்கம் வைத்த ஆறையும் ஒவ்வொன்றாக எடுத்து நடுவில் வைத்தார். நான் அவரோடு வேலை பார்த்த எட்டு வருஷத்தில் இடது பக்கம் போன எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அப்போதுதான் முதல் முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

இரண்டு பெட்டியைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்தார். வரும்போதும் படகு தரை தட்டியது. அவரே இறங்கித் தள்ளினார்.

அடுத்த ஞாயிறு தனியாகவே போனார். அதற்கு அடுத்ததும்.

"வெயில்ல ஒரு அளவு காட்டுது, நெழல்ல ஒரு அளவு காட்டுது. நேர்ல கேக்கணும்" என்றார் என்னிடம்.

"லெட்டர் போடலாமே அண்ணாத்தே."

"எவனாச்சும் பிரிச்சுப் படிப்பான்."

நாலு ஞாயிறு போனார். அந்த இரண்டு பெட்டியும் அம்பத்தூருக்கும் பழவேற்காட்டுக்கும் போய்வந்த தூரத்துக்கு வேறு பெட்டியாக இருந்தால் நைந்திருக்கும். பெட்டி வாங்கும் பேச்சை முதலாளியே மறந்துவிட்டார். எங்கே ஆரம்பித்தது என்று சரசுவுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவளும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் துணிவில்லை.

ஐந்தாவது வாரம் வெர்னியர் அயனம்பாக்கம் ஏரியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வர ஆரம்பித்தார். ஒரு மைலில் வரவேண்டியவர் நாலு மைல் நடந்து வந்தார். வாசலிலேயே என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஒருத்தன் என்ன பத்தி விசாரிக்கிறான் நைனா. டீக்கடைல கேட்டிருக்கான். வாடக ஊட்டுக்காரம்மாவ கேட்டிருக்கான். பட்டற வாசலாண்ட வாட்ச்மேன கேட்டிருக்கான். பெரிய மீசயாம். கிட்ட போனா நண்டு வாசன அடிக்குதாம்."

"யாரா இருக்கும்?"

"தெரிஞ்சா நான் ஏன் ஏரியச் சுத்திகினு வரேன்?"

அந்த ஞாயிறு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே பூட்டிக்கொண்டார். ஆணியில் இருந்த இன்னொரு பூட்டு எதற்கென்று அன்று புரிந்தது.

புதன்கிழமை சரசுவிடமிருந்து ஆள் மூலம் கேள்வி வந்தது. இந்த வாரம் ஏன் வரவில்லை? என் மனைவி என்னையும் இழுத்துக்கொண்டு போய் அடுத்த ஞாயிறு காலையில் அவர் கதவைத் தட்டினாள். "நீயா வரியா, கதவ ஒடைக்கட்டுமா" என்றாள். வந்தார். வழியெல்லாம் பஸ் ஜன்னலில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார்.

தீவை நெருங்கும்போது கரையில் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். வெர்னியர் என் முதுகுக்குப் பின்னால் பதுங்கினார்.

"அவன்தான். வாட்ச்மேன் சொன்ன அதே மீச. படகத் திருப்பு."

"எறங்கு தம்பி. முழங்காலுதான்" என்றார் படகுக்காரர்.

சரசு கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நேராக அவரிடமே சொன்னாள்.

"அவரு என் தாய்மாமன். நான்தான் அனுப்பிச்சேன். ஒரு ஆளு வாராவாரம் ரெண்டு பொட்டியத் தூக்கிகினு வந்து அளந்துட்டு போறாரு. எனக்கு சந்தேகம் வராதா?"

வெர்னியர் யோசித்தார். "வரணும். வரலேன்னாதான் தப்பு."

"வடய அளப்பாராம். பூட்டின கதவ திரும்ப வந்து இழுப்பாராம். யாரயும் நம்ப மாட்டாராம். மாமன் வேணாம்னுட்டாரு."

அவர் தலை குனிந்தது. என் மனைவியின் கை என் முழங்கையை இறுக்கியது.

"அப்புறம் வாட்ச்மேன் ஒண்ணு சொன்னாராம்" என்றாள் சரசு. "எட்டு வருசத்துல ஒரு தப்பு சாமான பாஸ் பண்ணதில்லயாம். முதலாளியே சொல்லியும் பண்ணலியாம்."

"அது மெய்தான்."

"தெரியும். அத்த மட்டும் நான் ரெண்டு பேர உட்டு விசாரிச்சேன்."

அவர் சட்டைப்பையைத் தொட்டார், எடுக்கவில்லை. பட்டறையில் எங்களை நடுங்க வைத்த குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"என்ன நீ... ரிஜெக்ட் பண்ணிடுவியோன்னுதான் போன வாரம் வரல. அந்த மீசக்காரனுக்காக மட்டும் இல்ல."

சரசு ஒரு ஓலையை எடுத்து வாளியில் நனைத்தாள்.

"ஆறு வாரம் ஆச்சு. காஞ்சிருக்கும். இப்ப அளந்தா பொய் சொல்லாது" என்றாள். விரல் ஓட ஆரம்பித்துவிட்டது.

கல்யாணம் தீவிலேயே நடந்தது. எங்கள் பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் படகைத் தள்ளிக்கொண்டு போனோம். மாப்பிள்ளை பக்கம் நிற்க அவருக்கு ஆள் இல்லை. என்னைப் பின்னால் நிற்கச் சொன்னார். மேளக்காரர் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் அவரைப் பார்த்தார். தாலியைத் தூக்கிப் பிடித்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்த மாப்பிள்ளையை அவர் கண்டதில்லை போலிருக்கிறது.

முடிச்சைப் போட்டுவிட்டு விரலை எடுக்காமல் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சரியா கீதா நைனா?"

என்னிடம் அவர் அப்படிக் கேட்டது அன்று ஒரு தடவைதான். முடிச்சு நடுக்கழுத்தில் விழவில்லை. ஒரு விரல் தள்ளி விழுந்திருந்தது.

சரியாக இருக்கிறது என்றேன்.