சாமை ஒட்டிய கார்

பிள்ளைகளா, உங்கள் அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியும். பெயிண்ட் அடிக்கத் தெரியாது. இந்த இரண்டாவது விஷயத்தை அறுபதுகளில் ஒடுகத்தூரில் இருந்தபோதே ஒப்புக்கொண்டிருந்தால் மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

அங்கே புளி வியாபாரி காதர் பாயிடம் நான் டிரைவர். அவருடைய காருக்கு என்னைவிட வயது அதிகம். ஒரு காலத்தில் அதற்கு நிறம் இருந்ததாகப் பெரியவர்கள் சொன்னார்கள். மகளுக்கு நிக்காஹ் நிச்சயமானதும் பாய், "மாப்ள இதுலயா வருவாரு? வித்துட்றேன்பா" என்றார்.

கார் போனால் வேலையும் போகும். எனக்கோ வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் என்ற ஒரு சொல்தான் என்னிடம் இருந்த அழகு.

"விக்காதீங்க பாய். ரெண்டு டப்பா சிந்தடிக் எனாமல் வாங்கிக் குடுங்க, நானே புதுசாக்கிட்றேன்."

"அது ஜன்னல் கம்பிக்கு அடிக்கிறதாச்சே?"

"கம்பியும் இரும்பு, காரும் இரும்புதான பாய்." (இந்த அறிவுக்குத்தான் பள்ளிக்கூடம் என்னை எட்டாவதோடு அனுப்பி வைத்தது.)

மெல்லிசாக அடித்து, காயவிட்டு, மறுபடி அடிக்கச் சொல்லித்தான் கடைக்காரர் அனுப்பினார். நான் சுவருக்குச் சுண்ணாம்பு அப்புகிற மாதிரி இரண்டு டப்பாவையும் ஒரே மூச்சில் அப்பினேன். கரும்பச்சை. அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். மறுநாள் தொட்டுப் பார்த்தேன், மேலே ஆடை கட்டியிருந்தது. அடியில் களி என்பது எனக்குத் தெரியாது.

அன்றைக்கே பாய் புளியமரம் குத்தகை பேச மலைமேல் இருக்கிற நெல்லிவாசல்நாட்டுக்குக் கிளம்பிவிட்டார். அப்போது மலைக்கு மண் ரோடுதான். ஏற ஏற வெயிலில் ஆடை இளகி, கதவைத் தொட்டால் விரல் ஒட்டியது. காற்றில் நிறுத்தினால் காய்ந்துவிடும் என்று தோன்றியது. பாய் மரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குள் போனதும், ஊரிலேயே நல்ல காற்று வீசுகிற மேட்டைத் தேடிப்பிடித்து காரை நிறுத்திவிட்டு, மரநிழலில் படுத்துத் தூங்கினேன்.

பக்கத்திலேயே களம் இருந்தது. நல்ல காற்று வீசுகிற இடத்தில் மலைக்காரர்கள் எதற்குக் களம் போடுகிறார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். காற்று எழுந்ததும் நாலு பெண்கள் முறத்தைத் தூக்கிச் சாமை தூற்ற ஆரம்பித்திருக்கிறார்கள். தானியம் அவர்கள் காலடியில், பதரும் தூசும் என் காரில்.

எழுந்து பார்த்தால் காரைக் காணோம். அந்த இடத்தில் செம்மறியாடு மாதிரி ஏதோ நின்றது. இரண்டு கோழிகள் பானெட்டில் ஏறிக் கொத்திக்கொண்டிருந்தன.

முறத்தோடு நின்ற ஒருத்தி கேட்டாள்: "இன்னாண்ணா, வண்டிக்கு முடி மொளச்சிக்கீது?"

"தூத்தறத நிறுத்தக் கூடாதா?"

"காத்து நின்னா நிறுத்துவோம்."

பாய் வந்தார். காரை ஒருமுறை சுற்றி நடந்தார். "டேய், இத மாப்ளைக்கு அனுப்பட்டா, பக்ரீத்துக்கு வெட்டட்டா?"

மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். பெயிண்ட் கொஞ்சம் வந்தது, சாமை வரவில்லை. மாப்பிள்ளை வாடகைக் காரில் வந்தார்.

ஆனால் அதன்பிறகு காரை விலைக்குக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் கதவைத் தடவிப் பார்த்து, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். விற்க முடியாத காரை ஓட்ட ஒருவன் வேண்டுமே, நான் தப்பித்தேன். உங்கள் அம்மா வீட்டாரும் டிரைவர் என்று நம்பிப் பெண் கொடுத்தார்கள். இன்றைக்கும் நான் பிரஷ்ஷைத் தொட்டால் அவள், "பக்கத்துல யாராவது சாமை தூத்தறாங்களான்னு பாத்துட்டீங்களா?" என்பாள்.

ஒன்று மட்டும் அவளுக்கும் தெரியாது. விற்கிற பேச்சைப் பாய் விட்ட அன்று மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது கார் நின்ற கொட்டகைக்குப் போனேன். பானெட்டை, முடி படிந்த வாக்கிலேயே மெதுவாகத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.