மார்லனை மாட்டிவிட நான் திருப்பிய மணிக்கூடு

வாழ்க்கையில் நான் அதிகம் பொறாமைப்பட்டது பணக்காரனைப் பார்த்தோ அழகனைப் பார்த்தோ அல்ல, மார்லனைப் பார்த்து. அவன் என் நண்பன் வேறு, அதனால் பொறாமைப்பட இன்னும் வசதியாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவின் ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் ஒரு தொடர்மாடி. நாங்கள் ஏழாம் மாடி, அவர்கள் ஒன்பதாம் மாடி. ஜமேக்காவிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பம். மார்லனின் அப்பா பஸ் ஓட்டுநர். வீட்டையும் பஸ் அட்டவணைப்படிதான் ஓட்டினார். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். கேட்டதற்கு 'யெஸ் சேர்' சொல்ல வேண்டும். மாலை ஐந்து மணிக்கு வீட்டில் நிற்க வேண்டும். பிந்தினால் ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், வெளியே போக முடியாது.

நான் அவனுக்காகப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். அம்மா விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் வீட்டுக்கு வருபவன், சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் நேராக வைப்பான் (என்னுடையது ஒன்று வாசலில், மற்றது குசினி அடுப்படியில்). அம்மாவின் நண்டுக்கறியைக் கண்ணீர் வழியச் சாப்பிட்டுவிட்டு, கோப்பையையும் கழுவி வைப்பான்.

"பாரடா, தகப்பன் எப்பிடி வளர்த்திருக்கிறார் எண்டு. நீயும் இருக்கிறாய்!"

நண்டின் பெரிய கால் அவனுக்குத்தான் போகும். எனக்கு வயிறு எரியும், உறைப்பினால் அல்ல.

உண்மையைச் சொன்னால், நண்டுக்கால் மட்டும் காரணம் இல்லை. அவன் அப்பா தினமும் அவனுடைய கொப்பிகளைத் திறந்து பார்ப்பார். என் அப்பாவுக்குக் காலையில் ஒரு வேலை, மாலையில் தொழிற்சாலை. இடையில் சாரத்தைக் கட்டியபடி செற்றியில் தூக்கம். நான் எத்தனையாம் வகுப்பு என்று கேட்டால் விரல்விட்டு எண்ணுவார்.

பன்னிரண்டு வயதுக்குரிய முழு அறிவையும் திரட்டி ஒரு திட்டம் போட்டேன். மார்லனை ஒரே ஒரு நாள் பிந்த வைக்க வேண்டும். அவன் கை கழுவப் போன நேரம் கதிரையில் ஏறி, சுவர் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினேன்.

அதே மணிக்கூட்டை நம்பித்தான் அப்பா செற்றியில் குறட்டை விடுகிறார் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. ஐந்தேகால் பஸ்ஸுக்கு அம்மா அதைப் பார்த்துத்தான் அவரை எழுப்புவார். இன்னொரு தரம் பிந்தினால் வேலைக்கு வரவே வேண்டாம் என்று போன கிழமைதான் சுப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

சுவரில் மணி நாலு நாற்பது. கதவு தட்டப்பட்டது. சீருடையோடு மார்லனின் அப்பா. மார்லன் எழுந்து நின்றான். என்னை அறியாமல் நானும் நின்றேன். அவர் சுவரைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அதை அம்மாவிடம் நீட்டினார்.

"ஐயோ! இஞ்சாருங்கோ, எழும்புங்கோ! அஞ்சு பத்தாச்சு!"

அப்பா துள்ளி எழுந்தார். சாரம் செற்றியிலேயே தங்கிவிட்டது (உள்ளே அரைக்காற்சட்டை இருந்ததால் மானம் தப்பியது). எங்கள் கட்டடத்தில் லிப்ற் வரவே பத்து நிமிடமாகும். அவர் மெல்லத் திரும்ப உட்கார்ந்து, "வேலை போச்சு" என்றார். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் திருப்பினனான்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அழுதேன்.

மார்லனின் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் கார்ச் சாவியை எடுத்தார். படிக்கட்டால் எல்லோரும் ஓடினோம். அப்பா சட்டைப் பொத்தான்களைக் காருக்குள் பூட்டினார். இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கத் தொழிற்சாலை வாசலில் இறங்கினார்.

மார்லனுக்குத் தண்டனை இல்லை, பிழை மணிக்கூட்டினுடையதாம். எனக்குத்தான் தீர்ப்பு: "நாளையிலிருந்து ஐந்து மணிக்கு நீயும் என் வீட்டுக்கு வா. கொப்பிகளோடு."

"யெஸ் சேர்."

ஒரு வருடம் போனேன். ஆசைப்பட்டது கிடைத்தபோது நண்டுக்கறியைவிட உறைத்தது.

பல வருடங்கள் கழித்து என் திருமணத்தில் மைக்கைப் பிடித்த மார்லன், கோட்டின் கையை இழுத்து ஒரு பழைய கைக்கடிகாரத்தைக் காட்டினான். "அன்றைக்கும் இதைக் கட்டியிருந்தேன். சட்டைக் கைக்குள் மறைத்திருந்தேன். ஐந்து மணி ஆனது எனக்குத் தெரியும். இவன் வீட்டில் யாரும் இவனுக்கு மணி சொல்வதில்லை. எனக்கு அவ்வளவு பொறாமை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்க்க நினைத்தேன்."

மண்டபம் சிரித்தது. முன்வரிசையில், தலை நரைத்த அவன் அப்பா மட்டும் சிரிக்காமல் எழுந்தார்.

"ஒரு கிழமைக்கு வெளியே போகக் கூடாது."

இரண்டு பிள்ளைகளின் தகப்பனான மார்லன் மைக்கை இறக்கி, நேராக நின்று, "யெஸ் சேர்" என்றான்.

இன்றும் நான் வீட்டுக்குப் பிந்தி வந்தால் அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை. நேரே போய்ச் சுவர் மணிக்கூட்டைத்தான் சரிபார்க்கிறார்.