கோ கரண்ட்டின் இடது காது

யாங்கோனில் கரண்ட்டைக் கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். பசுந்தாங் பேட்டையில் உள்ள எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். பெயர் கோ கரண்ட். ‘கோ’ என்பது பர்மாவில் அண்ணனுக்குத் தரும் மரியாதை. ‘கரண்ட்’ நாங்கள் தந்தது. அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மாலத்தீவின் கடைக்கோடியில் ஒரு விடுதியில் டைவிங் கைடாக இருந்தார். விடுமுறைக்கு வந்தால் பேச்செல்லாம் கரண்ட்தான். அவர் சொன்னது கடலின் நீரோட்டத்தை. எங்கள் கட்டடத்துக்குத் தெரிந்த கரண்ட் வேறு; தினமும் போவது. ஒரு மாலை விளக்கெல்லாம் அணைந்ததும் கீழ்வீட்டு அம்மாள் படியேறிப் போய்க் கேட்டார்.

“கோ, கரண்ட் எப்ப வரும்?”

“அமாவாசைய ஒட்டி நல்லா வரும்மா. ஆளையே இழுத்துட்டுப் போயிடும்.”

அந்த அம்மாள் அமாவாசை தாண்டும்வரை ஃப்ரிட்ஜைத் தொடவில்லை.

அவர் வேலை செய்த இடத்தில் பவளப்பாறை பெரிய வளையமாக நிற்குமாம். நடுவில் அமைதியான தண்ணீர். வளையத்தில் அங்கங்கே திறப்பு. அதை அவர் ‘வாசல்’ என்பார். கடல் ஏற்றம் வரும்போது வெளிக்கடல் மொத்தமும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே நுழையப் பார்க்கும். முக்குளிப்பவர்கள் வாசலுக்கு அடியில் இறங்கி, கயிறு கட்டிய இரும்புக் கொக்கியைப் பாறையில் மாட்டிக்கொண்டு, காற்றில் கொடி பறப்பதுபோல் தண்ணீரில் பறந்தபடி சுறாக்களைப் பார்ப்பார்கள்.

எனக்குப் புரியவில்லை என்று சொன்னது தப்பாகிவிட்டது. கொக்கியை ஜன்னல் கம்பியில் மாட்டினார். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். பர்மா லுங்கியான லோஞ்சியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முக்காலியில் குப்புறப் படுத்துப் பறந்தே காட்டினார். எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

தண்ணீருக்கடியில் பேச முடியாததால் கைஜாடையிலேயே வாழ்ந்த மனிதர். முக்குளிப்பவர்கள் வழக்கப்படி கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போ’ என்று அர்த்தம். இது தெரியாத டோ சேன் அம்மாள், மீன்குழம்பு நூடுல்ஸான மொஹிங்கா விற்கும் கடைக்காரர், ‘நல்லாயிருக்கா?’ என்று அவரிடம் கட்டைவிரலைக் காட்டினார். கோ கரண்ட் பாதிக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தே போய்விட்டார். டோ சேனுக்கு வந்த கோபத்தைத் தணிக்க நான் இரண்டு கிண்ணம் சாப்பிட வேண்டியிருந்தது.

பபேடான் கோயில் திருவிழாவுக்கு எங்களுடன் வந்தபோது வாசலிலேயே நிறுத்தி வைத்து விதிமுறை சொன்னார். “யாராவது காணாமப் போனா கொஞ்ச நேரம் தேடணும். கிடைக்கலன்னா மேல வந்துடணும்.”

என் மனைவி மா தீடா கேட்டாள்: “கோயில்ல எங்க அண்ணே மேல வர்றது? கோபுரத்துக்கா?”

போன தடவை வந்தவர் திரும்பிப் போகவில்லை. விடுமுறை முடிந்தும் மாடியிலேயே கிடந்தார். கரண்ட் பற்றிப் பேச்சே இல்லை. கூப்பிட்டால் சில நேரம் பதில் வரும், சில நேரம் வராது. கர்வம் வந்துவிட்டது என்று கீழ்வீட்டு அம்மாள் தீர்ப்புச் சொன்னார்.

நான் மேலே போனேன். அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பேசினேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“இந்தப் பக்கம் வா தம்பி. அந்தக் காது போயிடுச்சு.”

அப்புறம் மெல்லச் சொன்னார். கொக்கியில் பறந்துகொண்டிருந்தபோது நினைத்ததைவிட முன்னதாகவே கடல் வற்றம் தொடங்கிவிட்டது. உள்ளேயிருந்த தண்ணீர் வாசல் வழியே வெளியேறி, பாறைச் சுவரின் ஓரமாக அருவிபோலக் கீழே இறங்கியது. விருந்தாளிகளில் ஒரு பெண்ணின் கொக்கி கழன்றுவிட்டது. அவள் கீழே போனாள்.

“பின்னாலயே போகக் கூடாதுன்னு நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறவன்.”

“நீங்க?”

“போயிட்டேன்.”

அவ்வளவு வேகமாக இறங்கும்போது மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சமன் செய்ய நேரமில்லை. காதுக்குள் ஏதோ கிழிந்தது. உலகம் சுற்றியது. ஆனாலும் அவள் கை கிடைத்தது. மேல்நோக்கி நீந்தாமல் சுவரைவிட்டு விலகி நடுக்கடல் பக்கம் நீந்தி, இழுப்பிலிருந்து வெளியே வந்து, மெதுவாக மேலேறினார்கள். படகு கண்டுபிடிக்கும்வரை அலையில் மிதந்தபடி அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். இவருக்கு ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. விரலை வளைத்து ‘எல்லாம் சரி’ என்று காட்டிக்கொண்டே இருந்தாராம்.

இனி முக்குளிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரையில் ஒரு வேலை தருவதாக விடுதியில் சொன்னார்கள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்க முடியாது என்று வந்துவிட்டார்.

“அந்தப் பொண்ண விட்டிருந்தா காது பொழச்சிருக்கும்ல, அண்ணே?” கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

“பொழச்சிருக்கும்” என்றார். “அந்தக் காத வெச்சுக்கிட்டு அப்புறம் எதக் கேட்கிறது?”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போய், “ஆத்துக்கு அக்கரையில த்வாண்டேயில சட்டி வாங்கணும், கூட வாங்க அண்ணே” என்று நின்றாள். எங்கள் வீட்டில் சட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

அக்கரை டாலாவுக்குப் போகும் படகுத்துறையில் யாங்கோன் ஆறு டீ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கோ கரண்ட் வேண்டா வெறுப்பாகத்தான் பார்த்தார். பிறகு கூர்ந்து பார்த்தார். பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த, சம்பான் என்ற சிறுபடகு ஓட்டுகிறவரிடம், “இன்னும் கொஞ்ச நேரத்துல ஓட்டம் திரும்பிடும்” என்று பர்மியத்தில் சொன்னார்.

“திரும்பாது” என்றார் சம்பான்காரர்.

பெரிய படகு வந்தது, போனது. நாங்கள் ஏறவில்லை. இருவரும் ஆற்றைப் பார்த்தபடி நின்றார்கள். ஆறு திரும்பவில்லை.

“இது கடல் இல்ல, கோ” என்றார் சம்பான்காரர். “மேலேர்ந்து வர்ற தண்ணி சும்மா விடுமா?”

கோ கரண்ட் தோற்றுப்போனார். தோற்றுவிட்டுச் சிரித்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த வருகையில் அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல்முறை. மனைவி சட்டியை மறந்துவிட்டாள்.

இப்போது தினமும் காலையில் படகுத்துறைக்குப் போகிறார். பந்தயம் கட்டித் தோற்றுவிட்டு, சம்பான்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறார். ஆற்றைப் படித்து முடிக்க இன்னொரு ஆயுள் வேண்டும் என்று சந்தோஷமாக அலுத்துக்கொள்கிறார்.

எங்கள் கட்டடத்தில் அவரோடு நடக்கிறவர்கள் எல்லோரும், கர்வம் என்று சொன்ன அந்த அம்மாள் உட்பட, அவருக்கு வலப்பக்கமாகத்தான் நடக்கிறோம். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை.