தண்ணியை விட்ட மாப்பிள்ளை

புது மாப்பிள்ளைக்கு வேலை தெரியாமல் இருப்பது குற்றமில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டுவதுதான் குற்றம். நான் ஆட்டினேன்.

எனக்குக் காவேரிப்பட்டினம். ஆற்றுத் தண்ணீரில் நெல் போடுகிற குடும்பம். ‘தண்ணி காட்டினா தரிசும் சிரிக்கும்’ என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கம் பெண் எடுத்தேன். மாமனார் அந்தோணிக்கு ஒரு ஏக்கர் கறுப்புத் திராட்சை. மாதா கோயில் பூசைக்கான திராட்சை ரசம் வருஷா வருஷம் அவர் பழத்தில்தான். (மதுவிலக்குக் காலம். பூசை ரசத்துக்கு மட்டும் அனுமதி உண்டு.) அவருக்கு இருந்த ஒரே பெருமை அது.

அந்த வருஷம் பழம் கறுக்கத் தொடங்கிய நேரம், கண் ஆபரேஷனுக்குப் பெங்களூர் கிளம்பினார்.

“மாப்ளே, நான் வர்ற வரைக்கும் தண்ணியை விட்டுடுங்க.”

நிறுத்துங்கள் என்று அவர் சொன்னார். பாய்ச்சுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன். (பாதி கன்னடத்தில் யோசிக்கிற மனுஷன் என்று பழியை அவர் மேலும் போடலாம்.)

மூன்று வாரம் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்தேன். என்னைப் பார்த்தாலே மாடுகள் படுத்துக்கொள்ளும். கொடி காடாகத் தழைத்தது, பழம் கோலிக்குண்டாக ஊதியது. அப்பா இந்த நேரத்தில் பாய்ச்ச மாட்டாரே என்று மனைவி மேரி இழுத்தாள். உங்கப்பாவே சொன்னார் என்று அடக்கிவிட்டேன். மேட்டுக்கோடியில் இரண்டு வரிசைக்கு மட்டும் தண்ணீர் ஏறவில்லை. வாய்க்கால் வெட்டச் சோம்பல். அந்தப் பக்கம் யாரையும் கூட்டிப்போவதில்லை.

மாமனார் திரும்பிய அன்றே பங்குச் சாமியார் பழம் பார்க்க வந்தார். ஒன்றை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

“அந்தோணி, கானாவூர்க் கல்யாணத்துல ஏசுவால தண்ணி ரசமாச்சு. உன் தோட்டத்துல ரசம் தண்ணியாயிடுச்சே.”

மாமனார் காலடி ஈரத்தில் புதைந்தது. என்னைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. இந்த வருஷம் வேறு தோட்டம் பார்க்கிறேன் என்று சாமியார் குடையை எடுக்கும்போது, மேரி முந்தானையில் மேட்டுக்கோடிப் பழத்தைக் கொண்டுவந்தாள். சுண்டைக்காய் அளவு, தடித்த தோல். சாமியார் ஒன்று தின்றார். கேட்காமலே இன்னொன்று எடுத்தார்.

“இதுக்கு என்னப்பா பண்ணின?”

“ஒண்ணும் பண்ணலை, சாமி” என்றேன் நான்.

“அதனாலதான் நல்லாருக்கு” என்றார் மாமனார். பழுக்கும்போது கொடி தாகத்தோடு கிடந்தால்தான் பழத்தில் இனிப்பு ஏறும் என்று பிறகு விளக்கினார். இரண்டு வரிசையும் கோயிலுக்குப் போதுமானதாக இருந்தது. பெருமை தப்பியது, என் சோம்பேறித்தனத்தால்.

இன்றைக்கும் பந்தியில் ரசம் ஊற்ற வருகிற மச்சினி, கரண்டியை என் இலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்பாள்: “மாமா, விடட்டுமா, விட்டுடட்டுமா?”

நான் பதில் சொல்வதற்குள் பந்தியே சிரித்து முடித்திருக்கும்.