கஞ்சி சார் தோண்டிய குழி

துடியலூர்ப் பக்கம் வேதியியல் சொல்லிக்கொடுத்து, குப்பைத்தொட்டிக்கே வேலையில்லாமல் செய்த ஒரே மனிதர் எங்கள் கஞ்சி சார்தான். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

நான் அதே பள்ளியில் தமிழாசிரியன். பாலிமர் பாடம் வந்தால் அவர் வகுப்பிலிருந்து கஞ்சி வாசம் என் வகுப்புவரை வரும். மரவள்ளி மாவில் வினிகரும் கொஞ்சம் கிளிசரினும் விட்டுக் காய்ச்சி, தட்டில் ஊற்றிக் காயவைப்பார். மூன்றாம் நாள் கண்ணாடித் தாள் மாதிரி உரிந்து வரும். பாலைத் திரியவைத்துச் சட்டைப் பொத்தான் செய்வார். ஆசிரியர் அறை டீப் பாலுக்கு நாங்கள் காவல் போடவேண்டியிருந்தது.

என் சட்டைக்கும் ஒரு பொத்தான் தைத்துவிட்டார். முதல் சலவையிலேயே அது கொழகொழவென்று ஆகிவிட்டது. சண்டைக்குப் போனேன்.

"கெட்டியாக்கறதுக்கு மருந்து இருக்குதுங்க. ஆனா அது விஷமுங்க, புள்ளைங்க கையில குடுக்க மாட்டேன். கரைஞ்சுபோச்சுங்களா? அப்ப மண்ணுலயும் மக்கிருமுங்க, பாஸுங்க!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கி, இன்னொன்றைத் தைத்துக் கொடுத்தார்.

வினை, பள்ளி அறிவியல் கண்காட்சியில் வந்தது. இரண்டு திரவத்தை ஊற்றி நைலான் நூல் இழுக்கும் வித்தை தாளாளருக்கு வேண்டும். பெற்றோர் வாய் பிளக்க வேண்டும்.

"மிச்சத்தை எங்கீங்க ஊத்தறது?" என்றார் சார்.

"சாக்கடையிலதானுங்க."

"அப்ப முடியாதுங்க."

தாளாளர் குரல் மாறியது. "கண்காட்சி சொதப்புச்சுன்னா லேப் சாவி வேற ஆளுக்குப் போயிருமுங்க."

சாருக்கு லேப்தான் வீடு. அவரோ, "கண்காட்சிக்குக் குழி தயாரா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பள்ளி திறந்த மாதமே மைதான ஓரத்தில் பிள்ளைகளை வைத்து இரண்டு குழி வெட்டியிருந்தார். ஒன்றில் கஞ்சித் தாள், இன்னொன்றில் ஒரு பிளாஸ்டிக் பை. கண்காட்சியன்று பெற்றோர் சூழ்ந்து நிற்க, முதல் குழியைத் தோண்டினார்கள். மண் இருந்தது, நாலு மண்புழு இருந்தது.

"ஏனுங்க சார், ஒண்ணுமே இல்லீங்களே?" தாளாளர் முகம் சிவந்தது.

"ஒண்ணுமில்லாததைக் காட்டத்தானுங்க கூப்பிட்டேன்."

இரண்டாவது குழியிலிருந்து பையை எடுத்து ஒரு மாணவி உதறினாள். முந்தின ஆண்டுவிழாவுக்குப் பள்ளி படம் அச்சடித்துக் கொடுத்த பை. அதில் தாளாளர், கும்பிட்ட கையோடு, ஒரு கீறல்கூட இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ற மூஞ்சிதானுங்களா கெடைச்சுது?" என்றார் தாளாளர்.

"பீரோ மேல கெடந்துதுங்க. உங்க பேரனுக்குப் பேரன் வந்து தோண்டுனாலும் இப்படியேதான் சிரிப்பீங்க."

தாளாளர் பையை வாங்கித் தன் படத்தைப் பார்த்தார். பிறகு அவர்தான் முதலில் சிரித்தார். அடுத்த ஆண்டுவிழாவுக்குத் துணிப்பை வந்தது, படம் இல்லாமல். சாவி சாரிடமே இருந்தது.

போன வருடம் அவர் ஓய்வு பெற்றுப் பொள்ளாச்சிக்குப் போய்விட்டார். அவர் இரண்டாவது பொத்தான் தைத்த சட்டையை நான் இன்னும் துவைக்கப் போடவில்லை. எல்லாம் மண்ணோடு போகவேண்டும் என்பதுதான் அவர் பாடம், தெரியும். அந்தப் பொத்தான் விஷயத்தில் மட்டும் நான் ஃபெயிலாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.