யூரியாவுக்கு மசியாத ரோமாபுரியார்

எதிர்த்துக் கதைப்பதற்கென்றே பிறந்த ஒரு மனிதரைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ரோமாபுரியாரைத்தான் பார்க்க வேண்டும். மழையோடு சண்டை பிடிப்பார், மைனாவோடு சண்டை பிடிப்பார், உரக்கடைக்காரர் வணக்கம் சொன்னால் அதற்கும் ஒரு மறுப்பு வைத்திருப்பார்.

சொந்த ஊர் குருநகர். கத்தோலிக்கச் சுவாமியாராகப் படிக்கப் போய், லத்தீன் கற்று, பாதியில் மனம் மாறி, வலிகாமத்தில் எங்கள் ஊர்ச் சைவக் குடும்பமொன்றில் பெண் எடுத்தவர். வரும்போது கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் அட்டையும் எழுதியவர் பெயரும் கிழிந்துபோன ஒரு லத்தீன் புத்தகம். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய ரோமாபுரிக் கமக்காரன் ஒருவன் எழுதியதாம். மண்ணுக்கு வயது போவதில்லை, நாம் பட்டினி போடுவதால்தான் அது சோர்ந்து போகிறது என்பது அதன் சாரம். அதைப் பிரித்துப் பார்க்காமல் மனிதர் மண்வெட்டியைத் தொடமாட்டார். பட்டப்பெயர் வைக்க எங்கள் ஊருக்கு இது போதாதா?

புறா எச்சம்தான் உரங்களுக்குள் ராசா என்று அந்த ரோமன் எழுதிவிட்டானாம். உடனே ஆட்டுக்கொட்டிலுக்கு மேலே புறாக்கூடு எழும்பியது. பக்கத்து வளவுக் கந்தையர் காயப்போட்ட நெல்லில் பாதி மறைந்தது. கந்தையர் வேலியில் ஏறி நின்றார்.

“உம்மடை புறா என்ரை நெல்லைத் தின்னுது, கேக்க ஆளில்லையோ?”

“தின்னட்டும். நெல்லு உம்மடை, உரம் என்ரை. புறா ரெண்டு பேருக்கும் பொது.”

ஒருமுறை தோட்டம் முழுக்கப் பயறு விதைத்தார். ஆள் பார்க்க வரும் அளவுக்குப் பூத்தது. பிஞ்சு பிடிக்கிற நேரம் உழவு மெசினை இறக்கி அவ்வளவையும் மண்ணுக்குள் தாட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்தா கனடாவிலிருந்து அவருடைய மச்சான் வீடியோவில் வரவேண்டும்! காணி மச்சானுடையது, பாடுபடுவது மட்டும்தான் இவர். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன், தோட்டத்தில் அவருக்குக் கூடமாட நிற்கும் நான்.

“மச்சான், காய்க்கப்போற பயறை ஏன் உழுது கெடுக்கிறியள்?”

“நீர் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போறனீரோ?”

“இல்லை.”

“உமக்கு லீவு வேணும், காணிக்கு வேண்டாமோ? பயறு மண்ணுக்குச் சாப்பாடு. அது சாப்பிட்டு முடியத்தான் வெங்காயம்.”

“உந்தக் கதையெல்லாம் விடுங்கோ. கலியாண மண்டபம் கட்டக் காணி கேக்கினம். மாசியிலை வாறன். வெங்காயம் திறமில்லையெண்டால் வித்துப்போடுவன்.”

ஊரில் கலியாணம் கட்டப் பெடியள் இல்லை, மண்டபம் மட்டும் நாலு இருக்கிறது. “விக்கட்டும் பாப்பம்!” என்று ரோமாபுரியார் போனைப் பார்த்துக் கத்தினார். ஆனால் அன்று முழுக்க அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. அந்தக் காணி போனால் அவரும் போய்விடுவார் என்று எனக்குப் பட்டது.

பயத்தில் நான் ஒரு துரோகம் செய்தேன். வெங்காயம் நட்டு மூன்றாம் கிழமை, அவர் பூசைக்குப் போன ஞாயிறு காலையில், கந்தையரிடம் வாங்கிய யூரியாவை ஒரு பாத்திக்கு அள்ளி எறிந்தேன். எல்லாப் பாத்திக்கும் எறிவதாகத்தான் திட்டம். அன்று பார்த்துச் சுவாமியார் பிரசங்கத்தைச் சுருக்கிவிட்டார். ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டதும் வேலி பாய்ந்தேன்.

மாசியில் மச்சான் வந்தார். மற்றப் பாத்திகள் அளவாக நிற்க, என் பாத்தி மட்டும் கருகருவென்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது.

“ஆகா! எல்லாம் உப்பிடி வருமெண்டால் மண்டபக் கதையை இப்பவே விடுறன்” என்றார் மச்சான்.

ரோமாபுரியார் ஓம் என்று ஒரு வார்த்தை சொன்னால் காணி தப்பும். நான் மனதுக்குள் நல்லூரானைக் கூப்பிட்டேன்.

“உது என்ரையில்லை. ஆரோ யூரியா எறிஞ்சிருக்கினம். மிச்சம்தான் என்ரை” என்றார் மனிதர்.

“மச்சான், யோசிச்சுக் கதையுங்கோ.”

“யோசிச்சாச்சு. ரெண்டு பாத்தியிலையும் ஒவ்வொரு பிடி வெங்காயம் பிடுங்கிக் கட்டித் தூக்குவம். எது பழுதாகாமல் நிக்குதெண்டு நீர் போற அண்டைக்குப் பாரும்.”

ஆறு கிழமை இரண்டு பிடியும் விறாந்தைக் கூரை வளையில் அக்கம்பக்கமாகத் தொங்கின. மச்சான் பயணம் சொல்ல வந்த அன்று, என் பிடி அழுகி அவருடைய வெள்ளைச் சேட்டில் சொட்டியது. மற்றது நெரித்துப் பார்த்தாலும் கல்லாக இருந்தது. மச்சான் அதைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, “சரி, இன்னும் ரெண்டு வருசம் பாப்பம்” என்றார்.

“ரெண்டு காணாது. மூண்டு தாரும்” என்றார் ரோமாபுரியார். மூன்றுதான் கிடைத்தது.

மச்சானை ஏற்றிக்கொண்டு வான் புறப்பட்டதும் நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். “அண்ணை, யூரியா எறிஞ்சது நான்தான்.”

“ஓம், தெரியும்.”

“எப்ப தொடக்கம்?”

“அண்டைக்கே. தெரிஞ்சுதான் உம்மடை பாத்திக்கும் தண்ணி கட்டினனான். நீர் பாசத்திலை எறிஞ்சதைக் காய விடேலுமோ?”

ஊர் முழுக்க எதிர்த்துக் கதைத்த அந்த வாய், எனக்கு மட்டும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை.