முந்நூற்று எண்பத்தொன்பது குதிரைகள்

ஹேஸ், கான்சாஸ்
ஞாயிறு, சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு

மதிப்பிற்குரிய அக்கா லியோட்டாவுக்கு,

தம்பி வெர்லினின் வணக்கம். நானும் என் வீட்டுக்காரி நார்லீனும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. டென்வரில் நீயும் உன் பூனைகளும் உன் டர்போ பிக்கப்பும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சம்பிரதாயம் முடிந்தது, இனி சண்டைக்கு வருகிறேன்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று, அவருடைய அறுபத்தாறாம் வருடத்துப் பழைய பிக்கப் யாருக்கு என்று நாம் இருவரும் கல்லறை வாசலிலேயே முட்டிக்கொண்டோம். பாதிரியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் நீதான் சொன்னாய்: "ரெண்டு பேரும் அவங்கவங்க வண்டிய, பலம் அளக்குற டைனோ மெஷின்ல ஏத்துவோம். எது அதிக குதிரைத்திறன் காட்டுதோ அவங்களுக்கு அப்பா வண்டி. அதுக்கப்புறம் மூச்சு விடக்கூடாது, ஆமா." நானும் தலையாட்டினேன். போன மாதம் உன் டைனோ காகிதத்தை அனுப்பினாய். அதன் மேல் உன் கையெழுத்தில் இரண்டே வரி: "446. அப்பா வண்டிய எடுத்துவர ட்ரெய்லர்காரன எப்ப அனுப்பட்டும்?" சுகமா என்று ஒரு வார்த்தை இல்லை. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நார்லீன் சுட்ட, கறி அடைத்த பியராக் ரொட்டியில் நாலுதான் சாப்பிட்டேன்.

மறுநாளே என் வண்டியை மெக்கானிக் டஸ்டியின் பட்டறைக்கு ஓட்டிப்போனேன். பின்சக்கரங்களை உருளைமேல் நிறுத்தி, நாலு பக்கமும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டி, டஸ்டி ஆக்சிலரேட்டரை மிதித்த மிதியில் கூரைத் தகரம் அதிர்ந்தது, பட்டறை நாய் தெருவுக்கு ஓடியது, நான் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டேன். காகிதம் வந்தது. கோடுகளில் உச்சிக்குப் போனதைத் தேடிப் பிடித்தேன். 389! வாங்கும்போது கம்பெனிக்காரன் 420 என்று சத்தியம் செய்தான். "என்னோட முப்பத்தோரு குதிரைய எங்கய்யா ஒளிச்சு வெச்ச?" என்று டஸ்டியின் சட்டையைப் பிடிக்காத குறைதான். அவன் சிரித்தான். "அண்ணே, கம்பெனிக்காரன் எஞ்சினத் தனியா வெச்சு அளக்குறான். நான் சக்கரத்துல அளக்குறேன். நடுவுல கியர்பாக்ஸ் இருக்கு, ஆக்சில் இருக்கு, ஆளாளுக்குக் கொஞ்சம் தின்னும். வயல்ல அறுத்த கோதுமை அத்தனையும் எலிவேட்டர் கிடங்குக்கு வந்து சேருமா? நூத்துக்குப் பதினஞ்சு போறது சகஜம்ணே." அக்கா, கணக்குப் போட்டுப் பார். என் வண்டியில் போனது நூற்றுக்கு ஏழுதான். மாதாமாதம் நானே கீழே படுத்து கிரீஸ் வைக்கிறேனே, சும்மாவா?

பிறகு உன் காகிதத்தை டஸ்டியிடம் காட்டினேன். அவன் மூலையில் பொடி எழுத்தில் இருந்த 1.19 என்ற எண்ணைத் தொட்டுக் காட்டினான். நீ இருப்பது மலைமேல், காற்று மெலிசு, எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அதனால் கடல்மட்டத்தில் ஓட்டியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று இயந்திரமே இரக்கப்பட்டு 1.19-ஆல் பெருக்கிக் கூட்டிப் போடுகிறது. என்னுடையதிலும் துளி சேர்த்திருக்கிறது. டர்போ இல்லாத வண்டி, அதற்கு அது நியாயம். உன் வண்டியோ டர்போவை வைத்துக் காற்றைத் தானே உள்ளே அழுத்திக்கொள்கிற வண்டி. அதற்கு எதற்கு அத்தனை இரக்கம்? அந்தக் கூடுதலை எடுத்தால் உன்னுடையது வெறும் 375. நான் பதினாலு குதிரை முன்னே! அறுபத்தைந்து வயதில் முதல்முறையாக உன்னை ஜெயித்திருக்கிறேன்.

ஜெயித்த கையோடு கொட்டகைக்குப் போய் அப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அந்த வண்டியில் எத்தனை குதிரை இருந்தது என்று நாம் கேட்டதே இல்லை, இல்லையா? நீ எப்போதும் ஜன்னலோரம், நான் நடுவில், கியர்க்கம்பு என் முழங்கால்களுக்கு நடுவில். இரண்டாவது கியருக்கு வரும்போதெல்லாம் அப்பா, "காலை நகத்துடா தவக்களை" என்பார், நீ அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பாய். அறுவடை முடிந்த வயலில் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அன்று நீ கிளட்சை விட்ட வேகத்தில், வண்டியின் பின்தட்டில் நின்ற நான் கோதுமைத் தாளில் போய் விழுந்தேன். அப்பா முதலில் வண்டிக்கு ஏதாவது ஆயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். அந்த நாட்களை நினைத்துக்கொண்டு இருட்டும் வரை வண்டியை விட்டு நான் இறங்கவில்லை அக்கா, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆகவே வண்டி இங்கேயே இருக்கும். ட்ரெய்லர்காரனை நிறுத்து.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும், உன் காகிதத்துக்குக் கொஞ்சம் நேர்மையும் அருளட்டும். பூனைகளுக்கு என் விசாரிப்பு.

தோற்காத தம்பி,
வெர்லின்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நார்லீன் இரண்டு காகிதத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "ஏங்க, இதுல ரெண்டு கோடு இருக்கே. குதிரைத்திறன் சிவப்புக் கோடு. நீங்க பாத்தது நீலம், அது முறுக்குவிசைங்க." சிவப்பின் உச்சி 352. டஸ்டிக்குப் போன் செய்தேன். "நீங்க நெஞ்சுல தொப்பிய வெச்சுக்கிட்டு நின்னீங்களேண்ணே, எனக்குச் சொல்ல மனசு வரல" என்கிறான். அந்த இரக்கக் கூடுதலைக் கழித்தாலும் உனக்கு 375. நீதான் ஜெயித்தாய். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, படித்துச் சிரித்துக்கொள். வண்டி உன்னுடையது, ஆனால் ட்ரெய்லர்காரனை அனுப்பாதே, நீயே வா. உண்மையைச் சொல்கிறேன், வண்டி இங்கே இருந்தால்தான் அதைப் பார்க்கவாவது நீ வருவாய் என்றுதான் இத்தனை வாதாடினேன். எடுத்துப் போன பிறகும் வந்து போ அக்கா.